ஒழுகும் மீன் தொட்டியை ஹாம்ஸ்டர் வீடாக மாற்றுவது எப்படி?

மீன் வளர்ப்பைக் கைவிட்ட வீடுகளில், மொட்டை மாடியிலோ படிக்கட்டுக்கு அடியிலோ ஒரு கண்ணாடித் தொட்டி தூசி படிந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏதோ ஒரு மூலையில் ஒட்டு விட்டுத் தண்ணீர் கசியத் தொடங்கியிருக்கும். பழைய இரும்புக்காரர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். உடைத்து வீசவும் மனம் வராது. என் வீட்டில் அப்படிக் கிடந்த நான்கடித் தொட்டி ஒன்றைத்தான் ஒரு சிரியன் ஹாம்ஸ்டருக்கு (எலி போன்ற சிறு வளர்ப்புப் பிராணி) வீடாக மாற்றினேன். முதல் முறை தவறாகச் செய்து, பிறகு பிரித்து மறுபடியும் செய்ததால், எங்கே கை வைக்க வேண்டும், எங்கே வைக்கக் கூடாது என்பது ஓரளவு தெளிவாகியிருக்கிறது.

முதலில் செய்த தவறு இதுதான். தொட்டியைக் கழுவி, காகிதத் துகளைப் பரப்பி, மேலே ஓர் அக்ரிலிக் பலகையில் வரிசையாகத் துளையிட்டு மூடிவிட்டேன். பார்ப்பதற்கு அழகாகவே இருந்தது. இரண்டாம் நாள் காலையில் கண்ணாடியின் உட்புறம் வெண்பனி போர்த்தியதுபோல ஈரம் படிந்திருந்தது. ஹாம்ஸ்டர் தன் கூட்டைவிட்டு வெளியே வந்து, நான்கு கால்களையும் பரப்பி, வயிற்றைத் தரையோடு ஒட்டிப் படுத்துக் கிடந்தது. மீன் தொட்டி என்பது ஒரு சொட்டுக்கூட வெளியேறாதபடி ஐந்து பக்கமும் அடைத்துச் செய்யப்பட்ட பெட்டி. தண்ணீரைப் பிடித்து வைத்த அந்தத் திறமையால்தான் அது சூட்டையும் ஈரத்தையும் பிடித்து வைக்கிறது. ஆகவே இந்த மாற்றத்தில் உள்ள உண்மையான வேலை, பெட்டியின் ஒரு பக்கத்தைக் காற்றுக்குத் திறந்துவிடுவதே. பொம்மை ஏணியும் வண்ண வீடும் வாங்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எந்தத் தொட்டி பயன்படும்?

ஜெர்மனியின் விலங்குநலக் கால்நடை மருத்துவர் சங்கம் ஒரு ஹாம்ஸ்டருக்குக் குறைந்தபட்சம் 100 செ.மீ. நீளமும் 50 செ.மீ. அகலமும் 50 செ.மீ. உயரமும் உள்ள இருப்பிடத்தைப் பரிந்துரைக்கிறது. நம் ஊர்க் கடைகளில் ஹாம்ஸ்டருடன் சேர்த்துத் தரப்படும் கம்பிக் கூண்டு அதில் பாதிகூட இராது. நம்மிடம் புழங்கும் நான்கடித் தொட்டி, அதாவது ஏறத்தாழ 120 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் 45 செ.மீ. உயரமும் உள்ளது, தரைப் பரப்பில் அந்த அளவைத் தாண்டிவிடுகிறது. மூன்றடித் தொட்டி தாண்டாது. இரண்டடித் தொட்டியைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். நோயுற்ற நாளில் தனியாக வைக்கவோ, பெரிய தொட்டியைக் கழுவும்போது அரை மணி நேரம் விட்டுவைக்கவோ மட்டுமே அது உதவும்.

தொட்டி ஒழுகினால் கவலையில்லை. மேற்சொன்ன நான்கடித் தொட்டி விளிம்புவரை நிரம்பினால் ஏறத்தாழ 240 லிட்டர், அதாவது 240 கிலோ தண்ணீரைத் தாங்க வேண்டியிருக்கும். நாம் அதற்குள் போடப்போகும் படுகையின், அதாவது தரையில் பரப்பும் துகளின் எடை அதற்குமுன் ஒன்றுமில்லை. எனவே சிலிக்கோன் ஒட்டு ஓரிடத்தில் விட்டிருந்தாலும், கண்ணாடி நிறைய கீறல் விழுந்திருந்தாலும் இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். ஆனால் விரிசல் வேறு. நகத்தால் தடவும்போது தட்டுப்படும் விரிசல், தூக்கி வைக்கும்போது நீண்டு போய்க் கையை அறுக்கும். அத்தகைய தொட்டியை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். சென்னையில் வாங்குவதானால் கொளத்தூரின் வண்ணமீன் கடைத் தெருவில் "ஒழுகுற தொட்டி இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள், கசிவு சோதனையில் தேறாத தொட்டிகள் பின்கட்டில் எங்கேனும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். 6 மி.மீ. கண்ணாடியில் செய்த நான்கடித் தொட்டி வெறுமையாகவே 30 கிலோ இருக்கும் என்பதால், உடன் ஓர் ஆளை அழைத்துச் செல்வது நல்லது.

இன்னொன்றையும் வாங்கும் இடத்திலேயே பார்த்துவிட வேண்டும். நாம் ஒரு பக்கக் கண்ணாடியை வெட்டப்போகிறோம். டஃபண்டு கண்ணாடியை, அதாவது சூடேற்றிச் சட்டெனக் குளிரவைத்துக் கடினமாக்கிய கண்ணாடியை, வெட்டவோ துளையிடவோ முடியாது, முயன்றால் முழுதும் பொடிப்பொடியாகிவிடும். உள்ளூரில் கையால் செய்த தொட்டிகள் பெரும்பாலும் சாதாரணக் கண்ணாடியால் ஆனவை. தொழிற்சாலையில் வார்த்து வரும் தொட்டியானால் மூலையில் சிறு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஐயமிருந்தால் வெண்ணிறத் திரையுடன் கணினியை அதன் பின்னே வைத்து, போலராய்டு குளிர்கண்ணாடி அணிந்துகொண்டு பார்த்தால், டஃபண்டு கண்ணாடியில் கருநிறப் பட்டைகளோ புள்ளிகளோ தெரியும்.

தொட்டியில் எந்த உயிரை வைக்கலாம் என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். நட்சத்திர ஆமையையும் பச்சைக்கிளியையும் வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். சிரியன் ஹாம்ஸ்டருக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் ஒரு தொட்டிக்கு ஒன்றுதான். வளர்ந்த சிரியன் ஹாம்ஸ்டர்கள் இரண்டை ஒன்றாக விட்டால், உடன்பிறந்தவையாக இருந்தாலும், இரத்தம் வரச் சண்டையிட்டுக்கொள்ளும்.

கழுவுவது

கண்ணாடியில் நீர்மட்டம் இருந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கும் உப்புப் படலம், பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதன்மீது வினிகரில் நனைத்த துணியை அரை மணி நேரம் ஒட்டி வைத்தால், நுரைத்துக் கரைந்து இளகிவிடும். பிறகு பிளேடைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டினால் பாளமாக வந்துவிடும். கிருமி நீக்கப் பிளீச்சிங் கரைசலைப் பயன்படுத்த விரும்பினால், வினிகரை முழுதும் கழுவி, மறுநாள் செய்யுங்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வெளியேறும். மூடிய குளியலறையில் அது விளையாட்டல்ல. பிளீச்சிங் வாசம் துளியும் இல்லாமல் போகும்வரை நீரில் அலசி, இரண்டு நாள் நிழலில் காற்றாட வைக்க வேண்டும்.

பக்கக் கண்ணாடியைக் கழற்றுவது

வேலையில் இறங்குவதற்குமுன் ஒரு சிறு சோதனை செய்து கொள்ளுங்கள். தொட்டிக்குள் ஒரு கிண்ணம் வெந்நீரை வைத்து, மேலே ஒரு பலகையைப் போட்டுக் கால் மணி நேரம் விடுங்கள். கண்ணாடி முழுதும் வியர்த்த பிறகு கிண்ணத்தை எடுத்துவிட்டு, மீண்டும் மூடி, அந்த வியர்வை எவ்வளவு நேரத்தில் மறைகிறது என்று குறித்து வையுங்கள். வேலை முடிந்தபின் இதே சோதனையைச் செய்யும்போது, காற்றோட்டம் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதைக் கண்ணாலேயே காணலாம்.

நாம் கழற்றப்போவது இரண்டு குட்டைப் பக்கங்களில் ஒன்று. கழற்றி, அதன் கீழ்ப்பகுதி 20 செ.மீ. உயரத்தை மட்டும் திரும்ப அதே இடத்தில் ஒட்டிவிட்டு, அதற்குமேல் உள்ள இடைவெளியில் கம்பிவலைச் சட்டம் பொருத்தப்போகிறோம். மேல்மூடியும் வலைதான். சூடான ஈரக்காற்று மேலே ஏறி மூடி வழியே வெளியேறும்போது, பக்கவாட்டு வலை வழியே புதுக்காற்று உள்ளே வரும். மேலே மட்டும் வலை இருந்தால் இந்த இழுப்பு உண்டாகாது. சிறுநீரிலிருந்து எழும் அமோனியா காற்றைவிட எடை மிகுந்தது, அதனால்தான் அடியில் தங்குகிறது என்று பலர் சொல்வதுண்டு. உண்மையில் அது காற்றைவிட எடை குறைந்தது. நான்கு புறமும் சுவராக இருப்பதால் காற்றே அசைவதில்லை, அதனால் எதுவும் வெளியேறுவதில்லை, அவ்வளவுதான்.

கண்ணாடியைக் கழற்றுவதற்கு ஒரு கட்டர் கத்தி, நிறைய மாற்றுப் பிளேடுகள், தடித்த தோல் கையுறை, மெல்லிய எஃகுக் கம்பி ஒன்று, அகலமான ஒட்டு நாடா ஆகியவை போதும். கழற்ற வேண்டிய கண்ணாடியின் இரு முகத்திலும் நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிவிடுங்கள். தவறி உடைந்தாலும் சில்லுகள் சிதறாது. முதலில் உட்புற மூலைகளில் திரண்டிருக்கும் சிலிக்கோனை, பிளேடைக் கண்ணாடியோடு படியவைத்து, மேலிருந்து கீழாக ஒரே இழுப்பாக அறுத்தெடுங்கள். பிறகு இரண்டு கண்ணாடிகளுக்கும் இடையே மாட்டியிருக்கும் மெல்லிய படலம் மட்டும் எஞ்சும். அதற்குள் எஃகுக் கம்பியை மேல் விளிம்பிலிருந்து நுழைத்து, இருமுனையிலும் சிறு மரத்துண்டைக் கைப்பிடியாகக் கட்டிக்கொண்டு, ரம்பம் இழுப்பதுபோல இருவர் மாறி மாறி இழுத்தால், வெண்ணெயில் நூல் இறங்குவதுபோல மெல்ல இறங்கும். அவசரப்பட்டு நெம்பினால் அடிக்கண்ணாடியின் மூலை பிளந்துவிடும். மூன்று பக்க ஒட்டும் அறுந்தபின், ஒருவர் வெளியிலிருந்து தாங்க, மற்றவர் உள்ளிருந்து தள்ள வேண்டும். 6 மி.மீ. கண்ணாடியானால் அந்தப் பலகை 3 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். எதிர்பாராமல் சட்டென்று விடுபடும் என்பதால் கால் விரல்களை அதற்கு நேர் கீழே வைக்காதீர்கள்.

கழற்றிய கண்ணாடியைக் கண்ணாடிக் கடைக்குக் கொண்டுபோய், 20 செ.மீ. உயரத்தில் ஒரே ஒரு வெட்டுப் போடச் சொல்லி, வெட்டிய இரு விளிம்புகளையும் எட்ஜ் பாலிஷ் செய்து வாங்குங்கள். புதுக் கண்ணாடிக்கு அளவெடுப்பதைவிட இதுவே சிறந்தது, ஏனெனில் அகலம் ஏற்கெனவே தொட்டிக்குப் பொருந்தியது. ஒரு மில்லிமீட்டர் கூடக்குறையப் போகாது. வெட்டியதில் மிஞ்சும் மேல்துண்டு ஏறத்தாழ 24 செ.மீ. உயரம் இருக்கும். அதைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள், பின்னால் மிக நன்றாகப் பயன்படப்போகிறது.

திரும்ப ஒட்டும் இடத்தில் பழைய சிலிக்கோன் துளியும் இருக்கக் கூடாது. பழைய சிலிக்கோனின்மேல் புதிய சிலிக்கோன் பிடிப்பதில்லை. நம் தொட்டி முதலில் ஒழுகத் தொடங்கியதற்குக்கூட யாரோ மேலாகப் பூசி ஒட்டுப்போட்டதே காரணமாக இருந்திருக்கலாம். பிளேடால் சுரண்டி, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, விரலால் தேய்த்தால் கிறீச்சென்று ஒலி வரும்வரை சுத்தம் செய்ய வேண்டும். பூஞ்சணத் தடுப்பு மருந்து கலந்த குளியலறைச் சிலிக்கோனை வாங்காமல், மீன் தொட்டிக்கு உரியது என்று குறிப்பிட்டதையே வாங்குங்கள். உட்புறம் வழியும் பசையை விரலால் வழித்துக் குழிவாக்கி, முடிந்தவரை மெல்லியதாக விடுங்கள். திரண்டு நிற்கும் சிலிக்கோன் மூலை ஹாம்ஸ்டரின் பல்லுக்கு இதமான பண்டம்.

வலைச் சட்டமும் மூடியும்

கொசுவலையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் ஜன்னலுக்கு அடித்த மீதி எல்லார் வீட்டிலும் இருக்கிறது. நைலானோ ஃபைபரோ, எதுவாயினும் ஹாம்ஸ்டருக்கு ஓர் இரவு வேலை. அதன் முன்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டேயிருப்பதால் எதையாவது கடித்துத் தேய்ப்பது அதற்குப் பழக்கம். கம்பி வலைதான் வேண்டும். வெல்டு மெஷ் எனப்படும் கட்டவலையில் அரை அங்குலக் கண், வளர்ந்த சிரியன் ஹாம்ஸ்டருக்குப் போதுமானது. உடல் சிறிய குள்ள வகைகளுக்குக் கால் அங்குலக் கண் வேண்டும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. வலை மலிவு, ஆனால் சிறுநீர் பட்ட இடத்தில் பூச்சு போய்த் துருவேறும், அதைக் கடிப்பதும் நல்லதன்று; சற்றுக் கூடுதல் விலையானாலும் எஸ்.எஸ். எனப்படும் துருப்பிடிக்காத எஃகு வலையையே வாங்கச் சொல்வேன்.

அலுமினியம் ஜன்னல் செய்யும் பட்டறையில், பக்கத் திறப்பின் அளவைவிட நான்கு பக்கமும் 1 மி.மீ. குறைவாக ஒரு சட்டம் செய்து, அதன் இரு எல் ஆங்கிள்களுக்கு இடையே வலையை நெரித்து ரிவெட் அடித்து வாங்கலாம். வலையின் வெட்டுமுனைகள் சட்டத்துக்குள் மறைந்திருக்க வேண்டும், ரிவெட்டின் மழுங்கிய தலை உட்புறம் இருக்க வேண்டும். இரண்டையும் பட்டறையில் நின்று பார்த்தே வாங்குங்கள். இந்தச் சட்டம் வெறும் ஜன்னல் அல்ல. பக்கக் கண்ணாடியின் மேற்பாதியை எடுத்துவிட்டதால், முன் கண்ணாடியும் பின் கண்ணாடியும் அந்த முனையில் பிடிமானமின்றி நிற்கின்றன. சட்டம்தான் இனி அவற்றை இணைத்துப் பிடிக்கும். அதனால் சட்டத்தின் இரு பக்கத்தையும் அடியையும் முழு நீளத்துக்குச் சிலிக்கோன் வைத்து ஒட்ட வேண்டும். கண்ணாடியோடு கண்ணாடி ஒட்டப் பயன்படும் சிலிக்கோன் உலரும்போது புளித்த வாசம் விடும் அமில வகை. உலோகத்துக்கு நியூட்ரல் என்று எழுதிய வாசமற்ற வகை மேலானது. ஒட்டியபின் நாடாவால் இறுக்கிக் கட்டி, ஒரு நாள் தொடாமல் விடுங்கள். வெளியே காய்ந்ததுபோல் தோன்றினாலும் தடித்த ஒட்டு உள்ளே உலரப் பல நாள் பிடிக்கும் என்பதால், ஒரு வாரம் காத்திருப்பது நலம்.

மேல்மூடியையும் அதே பட்டறையில், அதே வலையில், இரண்டு பாதிகளாகச் செய்துவிடலாம். ஒரே மூடியானால் ஒவ்வொரு முறையும் நான்கடி நீளத்தைத் தூக்க வேண்டியிருக்கும், அதைச் சாத்தி வைக்க இடமும் தேடவேண்டும். நடுவில் குறுக்குக் கண்ணாடி இருந்தால் இரண்டு பாதிகளும் அதன்மேல் வாகாக உட்காரும். தண்ணீரின் அழுத்தத்தில் நீளக் கண்ணாடி வெளிப்புறம் வளையாதிருக்கத்தான் அது ஒட்டப்பட்டது. இப்போது அதற்கு அந்த வேலை இல்லையென்றாலும், கையை நுழைக்க இடைஞ்சலாக இல்லாவிட்டால் விட்டுவையுங்கள். மூடிக்கு இரு பக்கமும் கொக்கி வேண்டும். ஹாம்ஸ்டர் கண்ணாடியில் ஏறாது, ஆனால் அது ஓடுவதற்காக உள்ளே வைக்கும் சக்கரத்தின்மேல் ஏறி நின்று மூக்கால் மூடியை முட்டித் தூக்கிப் பார்க்கும், அதுவும் நீங்கள் உறங்கும் நேரத்தில்.

உள்ளே என்ன நிரப்புவது?

இன்று உலகெங்கும் வீடுகளில் இருக்கும் சிரியன் ஹாம்ஸ்டர்களில் பெரும்பாலானவை, 1930ஆம் ஆண்டில் சிரியாவின் அலெப்போ அருகே ஒரு வயலைத் தோண்டி விலங்கியலாளர் இஸ்ரேல் அஹரோனி எடுத்துவந்த ஒரு தாயும் குட்டிகளும் வழி வந்தவை. அதே பகுதியில் பிற்காலத்தில் அளந்த வளைகள் சராசரியாக 65 செ.மீ. ஆழமும், சில ஒரு மீட்டருக்குச் சற்று மேலும் இருந்தன. மேலே ஓடியாடுவதைவிட உள்ளே தோண்டுவது இதன் பிறவிக் குணம். சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 10, 40, 80 செ.மீ. ஆழப் படுகைகளில் இவற்றை வளர்த்துப் பார்த்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், 10 செ.மீ. படுகையில் இருந்தவையே மிக அதிகமாகக் கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தன. கூண்டுக் கம்பியை இரவெல்லாம் நறநறவென்று கடிக்கும் ஹாம்ஸ்டரைப் "பசிபோல" என்று சொல்லும் நாம், அதன் காலடியைத்தான் பார்க்க வேண்டும். கம்பிக் கூண்டைவிட மீன் தொட்டி இதற்கு ஏற்றது என்று நான் சொல்வதற்கும் இதுவே காரணம்: உயர்ந்த கண்ணாடிச் சுவர் இருப்பதால் படுகையை ஆழமாக நிரப்பலாம், ஒரு துகளும் வெளியே சிந்தாது.

நாம் முழுத் தொட்டியையும் ஆழமாக நிரப்ப முடியாது, ஏனெனில் சக்கரத்துக்கு உயரம் வேண்டும். இங்குதான் மிஞ்சிய 24 செ.மீ. கண்ணாடித் துண்டு உதவுகிறது. வலைப் பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, அதைக் குறுக்குச் சுவராக நிறுத்தி, அடியிலும் இரு பக்கமும் சிலிக்கோன் வைத்துவிடுங்கள். மூடிய பக்கம் ஆழப்பகுதி. அதில் இந்தச் சுவரின் உயரம்வரை படுகை. வலைப் பக்கம் ஆழமற்ற பகுதி. அதில் 10 செ.மீ. போதும், சக்கரமும் தண்ணீரும் மணற்குளியலும் (அது புரள்வதற்கான மணல் கிண்ணம்) அங்கே இருக்கும். இரண்டையும் இணைக்க, குறுக்குக் கம்புகள் ஆணியின்றிக் கயிற்றால் கட்டிய சிறு ஏணியோ, பட்டையுடன் கூடிய கொய்யாக் கிளையோ சாய்த்து வைக்கலாம்.

படுகைக்கு மரத்தூள் வேண்டாம். மரவாடியில் மூட்டையாகக் கிடைக்கும் தூள் நுண்மையானது, எந்தெந்த மரத்தின் தூள் என்று அங்கிருப்பவருக்கே தெரியாது, மூச்சுக்குக் கேடு. செடார், பைன் போன்ற வாசமுள்ள மரச்சீவலையும் தவிர்க்க வேண்டும். கடைகளில் கூடு கட்டுவதற்கென்று தரும் பஞ்சு, காலில் நூலாகச் சுற்றி இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும், விழுங்கினால் குடலை அடைக்கும். அதற்குப் பதில் வாசனை சேராத டிஷ்யூ காகிதத்தைக் கிழித்துப் போட்டால் ஹாம்ஸ்டர் தானே அழகாகக் கூடு கட்டிக்கொள்ளும். படுகைக்குக் காகிதத் துகளே நம் ஊரில் எளிதில் கிடைப்பதும் பாதுகாப்பானதும் ஆகும். ஆனால் அதை மட்டும் கொட்டினால் வளை தோண்டத் தோண்டச் சரிந்துவிடும். நான்கு விரற்கடைக்குக் காகிதத் துகள், அதன்மேல் கைப்பிடி உலர்ந்த புல், மறுபடி துகள் என்று அடுக்கடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் உள்ளங்கையால் அழுத்திக் கெட்டியாக்குங்கள். முடித்தபின் விரலைச் செருகி எடுத்தால் துளை அப்படியே நிற்க வேண்டும்.

மற்றவற்றுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சக்கரம் 28 செ.மீ. விட்டத்தில், கம்பி இடைவெளிகளற்ற முழுத்தளம் உடையதாக இருக்கட்டும். சிறிய சக்கரத்தில் ஓடினால் முதுகு வளையும். அதைப் படுகையின்மேல் வைத்தால் அடியில் தோண்டிச் சாய்த்துவிடும் என்பதால், அடிக்கண்ணாடியில் ஊன்றிய ஒரு சிறு மரப்பலகையின்மேல் நிறுத்துங்கள். தண்ணீர்ப் புட்டியை ரப்பர் உறிஞ்சியால் கண்ணாடியில் ஒட்டினால் இரண்டே நாளில் விழும். பக்கவலையில் கம்பியால் கட்டித் தொங்கவிடலாம். மணற்குளியலுக்கு ஆற்றுமணலைச் சலித்து, பலமுறை அலசி, வறுத்து ஆறவைத்துப் பயன்படுத்துங்கள். எம்-சாண்ட் கல்லை உடைத்துச் செய்வது, முனைகள் கூர்மையானவை, அது கட்டடத்துக்கே இருக்கட்டும். பழைய தொட்டியுடன் வந்த விளக்கு மூடியை மறுபடி மாட்ட வேண்டாம். வெப்பம் ஒருபுறம், வயரைக் கடிப்பது மறுபுறம்.

வெயிலும் எறும்பும்

ஹாம்ஸ்டருக்கு 20 முதல் 24 டிகிரி செல்சியஸ்வரை இதமானது. 30ஐத் தாண்டினால் ஆபத்து தொடங்குகிறது. சென்னையிலோ வேலூரிலோ மதுரையிலோ மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். தொட்டியை ஜன்னலருகே, வெயில் சிறிதும் விழும் இடத்தில் வைக்கவே கூடாது, கண்ணாடி வழியே புகுந்த வெயில் உள்ளே தங்கிச் சூட்டை ஏற்றிவிடும். மேல்தளத்து அறையைவிடக் கீழ்த்தளத்து அறை, மேற்குச் சுவரைவிடக் கிழக்குச் சுவர் என்று தேர்ந்து, உயரம் குறைந்த மேசையில் வையுங்கள். மண் கலயம் ஒன்றைப் பக்கவாட்டில் பாதி புதைத்து வைத்தால் அதற்குள் சூடு குறைவாக இருக்கும். ஆழமற்ற பகுதியில் ஒரு தரை ஓடும் போட்டு வைத்தால் அதன்மேல் வயிற்றைப் படியவைத்துக் கிடக்கும். கடும் வெயில் நாளில் உறைந்த நீர்ப்புட்டியைத் துணியில் சுற்றித் தொட்டியின் வெளிப்புறத்தில் சாய்த்து வைக்கலாம். மின்விசிறிக் காற்று நேராக வலைக்குள் பாயாமல் அறையில் சுழன்றால் போதும். இவ்வளவும் செய்து, தொட்டிக்குள் வைத்த வெப்பமானி பிற்பகலில் 30க்குக் கீழே இறங்கவில்லையென்றால், ஏ.சி. அறை உள்ளவர்தான் இதை வளர்க்க முடியும் என்று ஒப்புக்கொள்வதே நேர்மை. உடல் துவண்டு, எச்சில் வடிந்து, மூச்சு வேகமாக வாங்கினால் உடனே குளிர்ந்த இடத்துக்கு மாற்றிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள்.

எறும்பு நம் ஊருக்கே உரிய தொல்லை. ஹாம்ஸ்டர் கன்னப்பையில் அடைத்துக்கொண்டுபோய் வளைக்குள் சேர்த்து வைக்கும் தானியமும் வெள்ளரித் துண்டும் எறும்புக்கு விருந்து. எறும்புச் சாக்கட்டி பூச்சிக்கொல்லி. அதைத் தொட்டியின் அருகே கோடு போடாதீர்கள். தொட்டி நிற்கும் மேசையின் கால்களைத் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்தும் பழைய வழியே போதும், மீன்சட்டி வைத்த அலமாரிக்குப் பாட்டி செய்ததுதான். அந்தக் கிண்ணத்தில் கொசு பெருகாதபடி மூன்று நாளுக்கு ஒருமுறை நீரை மாற்ற வேண்டும். தொட்டி சுவரையோ திரைச்சீலையையோ தொட்டுக்கொண்டிருந்தால் கிண்ணத்தால் பயனில்லை. நீர் மிகுந்த காய்கறியைக் கடுகளவே கொடுத்து, மறுநாள் மிச்சத்தை எடுத்துவிடுங்கள்.

குடியேற்றுவது

எல்லாம் பொருத்தியபின் மூடியை ஓர் இரவு சாத்தி வைத்து, காலையில் திறந்தவுடன் முகர்ந்து பாருங்கள். புளித்த வாசம் வந்தால் சிலிக்கோன் இன்னும் உலரவில்லை. பிறகு முன்பு செய்த வெந்நீர்ச் சோதனையை, படுகை நனையாமல் ஆழமற்ற பகுதியில் கிண்ணத்தை வைத்துச் செய்யுங்கள். அக்ரிலிக் மூடியுடன் என் தொட்டியின் வியர்வை மறைவதற்குக் காத்திருந்து சலித்துப்போன நான், வலை போட்டபின் கிண்ணத்தைச் சமையலறையில் வைத்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் கண்ணாடி தெளிந்திருந்ததைக் கண்டேன். கடைசியாக, கண்ணை மூடிக்கொண்டு உட்புறம் முழுவதையும் வெறும் விரலால் ஒருமுறை தடவுங்கள்; உங்கள் விரலைக் கீறும் முனை அதன் தோலையும் கீறும்.

ஹாம்ஸ்டரை விட்டபின் முதல் மூன்று நான்கு நாள் கையை உள்ளே விடாதீர்கள். பகலில் ஒன்றும் தென்படாது. காலையில் உணவுக் கிண்ணம் காலியாகவும், ஆழப்பகுதியின் மூலையில் ஒரு துளை துகளால் அடைக்கப்பட்டும் இருந்தால் குடியேறிவிட்டது என்று பொருள். அது உள்ளே நலமாக இருக்கிறதா என்று பார்க்க வளையைக் கிளறத் தோன்றும், கிளறாதீர்கள். ஆழப்பகுதியின் வெளிப்புறக் கண்ணாடியில் கருப்புக் காகிதத்தை ஒட்டி வைத்திருந்தால், அதை மெல்லத் தூக்கிப் பார்த்தாலே சில நாளில் கண்ணாடியை ஒட்டி ஓடும் சுரங்கம் தெரியும். சிறுநீர் கழிக்க ஒரே மூலையைத்தான் பெரும்பாலும் பயன்படுத்தும். அதை மட்டும் அன்றாடம் அள்ளி எடுத்தால், மொத்தப் படுகையையும் அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை. மாற்றும்போதும் பாதியை விட்டுவைத்துப் பாதியை மாற்றுங்கள், தன் வாசம் இல்லாத வீட்டில் அது பதறிப்போகும்.

சிரியன் ஹாம்ஸ்டர் இரண்டு மூன்று ஆண்டுகளே வாழும். அதன்பின் இந்தத் தொட்டி வேறொருவர் கைக்குப் போகக்கூடும், பார்ப்பதற்கு மீன் தொட்டிபோலவேதான் இருக்கும். பாதி உயரத்தைத் தாண்டித் தண்ணீர் ஊற்றினால் போதும், பக்கவலை வழியே வழிந்து வீடெல்லாம் வெள்ளமாகிவிடும். ஆகவே வேலை முடிந்த அன்றே, பின் கண்ணாடியின் வெளிப்புறத்தில், அழியாத மையால் "தண்ணீர் ஊற்றக் கூடாது" என்று பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள்.